காய்ச்சல் ஏறியிருக்கும்போது

காலையில் அரைத் திருகில் எழுந்துவிடும்.
தொண்ணூற்று மூன்றாம் வருஷத்துப் பத்மினி,
தயிர் நிறம், இடது கதவு மட்டும் வேறு வெள்ளை.
காரைக்குடியிலிருந்து கோட்டையூர், பள்ளத்தூர்,
கானாடுகாத்தான் வரை
ஓர் இருமல் கிடையாது.

நிறுத்திவிட்டுப் போய்,
சோலையப்பனுக்குச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று,
குழாய்களில் பெயர் ஒட்டி
ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினால்
ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றும்.
சுற்றும், சுற்றும்,
இன்னார் என்று சொல்லாமல்
கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறவனைப் போல.

நாற்பது நிமிஷம் போனால்
தானாகவே எழும்.
நான்தான் ஏதோ கற்பனை செய்தேன் என்பதுபோல.

ஆரோக்கியசாமி பட்டறையில் மூன்று தடவை விட்டேன்.
மூன்று தடவையும் முதல் சுற்றிலேயே பிடித்தது.
"வண்டிக்கு ஒண்ணுமில்லக்கா."
கார்பரேட்டரைக் கழுவினார்,
பேட்டரியை மாற்றச் சொன்னார்,
கடைசியில் என்னையே ஒரு மாதிரி பார்த்தார்.
கயிறு கட்டி இழுத்து வருகிற வழியிலேயே
அது ஆறிவிடுகிறது.

இருபது வருஷமாய் விரல் குத்துகிறேன், எனக்குத் தெரியும்.
மலேரியாவுக்கு ரத்தம் எடுப்பதென்றால்
நடுக்கம் வந்து, இன்னொரு போர்வை கேட்கிற
அந்த நேரத்தில் எடுக்க வேண்டும்.
காய்ச்சல் விட்டபிறகு, தலை வாரி,
கையை நீட்டுகிறவரின் கண்ணாடிச் சில்லில்
பல நேரம் ஒன்றும் அகப்படாது.
நோய் இல்லை என்று அர்த்தமில்லை.
நாம்தான் தாமதம்.

அக்னி நட்சத்திரத்தின் ஆறாம் நாள், பதினொன்றே கால்.
ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விட்ட பெரிய வீட்டின்
சுவரோரம் நின்றுவிட்டது.
இந்தத் தடவை நிழல் தேடிப் போகவில்லை.
பானட்டைத் தூக்கினேன்.

ஜெனரேட்டர் வண்டி லிங்கேசன் வந்து
"பெட்ரோல் ஆவியாயிருக்கும், ஈரத்துணி போடுங்க" என்றார்.
எல்லோரும் சொல்வதுதான். பம்ப்பின் மேல் போட்டோம்.
துணி காய்ந்தது.
கார்பரேட்டர் வாயைத் திறந்து த்ராட்டிலை இழுத்தேன்:
பெட்ரோல் பீச்சியது.
அப்படியென்றால் பசியில்லை இது.
பொறி.

அவரைச் சாவியைத் திருகச் சொல்லி
காயிலின் நடு வயரை ரப்பர் இடுக்கியால் பிடித்து
எஞ்சின் இரும்புக்கு ஒரு நெல் தூரத்தில் காட்டினேன்.
நீலமாய்ச் சொடுக்க வேண்டும்.
மஞ்சளாய் ஒன்று.
அப்புறம் அதுவும் இல்லை.
காயிலைத் தொட்ட விரலை
வாயில் வைத்துக்கொண்டேன்.

பெட்டியில் நான்கு ஐஸ் பொதி. பதினேழு குழாய்.
மூடியின் உட்புறம் விதிமுறை ஒட்டியிருக்கிறது,
ஒட்டியது நான்.
கொஞ்ச நேரம் எடுக்காமல் நின்றேன்.
சோலையப்பனின் பெயர் மேலாக இருந்தது.
பிறகு ஒன்றை எடுத்தேன்.

துண்டில் சுற்றிக் காயிலின் மேல் ஐந்து நிமிஷம்.
உள்ளே, சினிமாக் கல்யாணத்துக்குக்
கெட்டிமேளம் கொட்டி, நிறுத்தி,
மறுபடி முதலிலிருந்து கொட்டினார்கள்.

"திருகுங்க."

நீலம்.
பட்டென்று, நீலம்.

கோட்டையூர் ரயில்வே கேட்டில் எஞ்சினை அணைக்கவில்லை.
பின்வண்டிக்காரர் இறங்கி வந்து
பெட்ரோல் விலையைச் சொன்னார்.
தெரியும் என்றேன்.
மடியில் பெட்டி. மூன்று பொதி.

புதுக் காயில் மாட்டியாயிற்று.
பழையது லேப் மேசையில், ஏ.சி. காற்றுக்குக் கீழே
ரசீதுகள் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.
போன வாரம் சுகர் பார்க்க வந்த ஆரோக்கியசாமி
பையிலிருந்து மீட்டரை எடுத்து
அதன் இரண்டு காதிலும் வைத்துப் பார்த்தார்.
"நல்லாத்தானேக்கா இருக்கு."

நல்லாத்தான் இருக்கிறது, இங்கே.

வெறும் வயிற்றில் எடுத்தது போதும் என்று
சட்டைக் கையை இறக்கிவிட்டவரிடம்,
"சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு
இன்னொரு தடவை வாங்க" என்றேன்.